படிக்கட்டு வரைந்த துணி

மார்ச் 3
ஆவணக் காப்பகத்தின் மின்விசிறியை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது வரைபடங்கள் பறக்கின்றன. இருந்தாலும் நன்றி.

நகர நூலகத்தின் இரட்டைப் படிக்கட்டில் விரிசல் விட்டிருக்கிறது. இன்ஜினியர் என் மேசைக்கே வந்து நின்றார். “உள்ள இரும்பு இருந்தா நிக்கும்மா. வெறும் செங்கல்னா இடிச்சாகணும். எங்கன்னு தெரியாம துளை போட்டா, அந்தத் துளையிலேயே விழுந்துடும். பழைய வரைபடம் இருந்தா குடுங்க.”

படிக்கட்டை இடித்தால் நூலகத்தை மூடுவார்கள். மூடினால் நூலகர் வெளியூர் மாற்றலில் போக வேண்டும். அந்த நூலகர் என் வீட்டுக்காரர். “போனா என்ன, லீவுல வந்துட்டுப் போறேன்” என்கிறார். சொல்லிக்கொண்டே சுத்தமான கண்ணாடியை மறுபடி மறுபடி துடைக்கிறார். எனக்குத் தெரியாதா இந்த ஆளை?

மார்ச் 5
நூலக வரைபடக் கட்டுக்குள் எல்லாத் தாளும் இருக்கிறது. கூரை, கதவு, சாக்கடை கூட. படிக்கட்டு மட்டும் இல்லை! கட்டின மேஸ்திரி வேலையிடத்துக்கு எடுத்துப்போனதாகக் குறிப்பு. திருப்பித் தந்ததாக இல்லை. மகராசனே, எங்கே ஐயா வைத்தீர்?

மார்ச் 6
கண் எரிகிறது. கேட்காமலே வீட்டுக்காரர் கையால் டீ வந்தது. அவருக்கும் நன்றி.

மார்ச் 11
பழைய கட்டுநர் உரிமக் கோப்பில் மேஸ்திரியின் வீட்டு விலாசம் கிடைத்தது. அவருடைய கொள்ளுப்பேத்தி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். வாசல் அறையில் தையல் கடை. விஷயத்தைச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்தார்.

“மொடமொடன்னு இருக்குமே, படம் போட்ட துணி, அதுவா? ஐயோ, அதைத் தொவைச்சுக் குழந்தைச் சட்டை தெச்சுட்டாங்களே!”

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தக் காலத்தில் வரைபடத்தை மெல்லிய பருத்தித் துணியில்தான் வரைவார்கள், கஞ்சி போட்டு விறைப்பாக்கி. அலசினால் கஞ்சி போய் அருமையான துணி கிடைக்கும். வேலை முடிந்ததும் மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் சம்சாரம் நல்ல துணியை வீணாக்காத மனுஷி. நகரத்தின் ஆவணத்தை அலசிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். அழுவதா, சிரிப்பதா?

“எங்க வீட்டுல பொறக்குற எல்லாருக்கும் முதல் சட்டை இதுதாங்க. ஒரு நாள் போட்டுட்டு எடுத்து வச்சுடுவோம். நானும் போட்டிருக்கேன்” என்று பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. கறுப்புக் கோடுகள் எல்லாம் போயே போய்விட்டன. “முதுகுல இந்த நீலம் மட்டும் போகவே மாட்டேங்குது. சொட்டு நீலம் பட்டுடுச்சுன்னு நெனச்சோம்.”

திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமிருந்தும் ஏறிவந்து நடுவில் சேரும் இரண்டு நீலப் பட்டைகள். பழைய வரைபடங்களில் செங்கல்லுக்குச் சிவப்பு, இரும்புக்கு நீலம். சொட்டு நீலமாவது ஒன்றாவது! தையல்காரம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். முன்பின் தெரியாத மனுஷியை.

“எடுத்துட்டுப் போங்க. பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். அதுக்குள்ள மட்டும் குடுத்துடுங்க.”

மார்ச் 13
“இது என்னம்மா?” என்றார் இன்ஜினியர்.
“நீங்க கேட்ட வரைபடம் சார்.”
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் விரித்ததும் சிரிப்பு நின்றது. நீலம் சேரும் இடத்தில் மட்டும் பூச்சைக் கொத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 17
இரும்பு இருக்கிறது!! விரிசல் மேல்பூச்சில் மட்டும்தான். வீட்டுக்காரர் போன் செய்து இதையே மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் புதிதாகக் கேட்டுக்கொண்டேன். எந்தச் சாமி புண்ணியமோ.

மார்ச் 24
இப்போது வேறு வம்பு. “இது நகரத்து சொத்து, திருப்பித் தரக்கூடாது” என்கிறார் மேலாளர். விதி அப்படித்தான். வேறு யாராவது கேட்டிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

வீட்டில் புலம்பினேன். “உங்க அலமாரியில பூச்சி அரிச்ச படம் எவ்வளவு இருக்கு? இது தப்பிச்சதே குழந்தைங்க போட்டதாலதான்” என்றார் அவர். அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

மார்ச் 26
சட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, இரவல் படிவம் நிரப்பி மேலாளரிடம் நீட்டினேன்.
“இரவல் விதியில குழந்தைன்னு எங்கம்மா இருக்கு?”
“கூடாதுன்னும் இல்லையே சார்.”
முறைத்தார். கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர்தான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஏப்ரல் 9
பெண் குழந்தை. நாங்கள் இருவரும் போயிருந்தோம். தையல்காரம்மா பேத்தியை என் தோளில் சாய்த்தார். முதுகில் நீலம். நான் குழந்தையைக் கீழே விடவே இல்லை. “நூலகம் திறக்கணும், வா” என்று அவர்தான் அவசரப்படுத்தினார்.

காப்பகத்துக்கு வந்து அட்டவணையை எழுதி முடித்தேன். பொருள்: நூலகப் படிக்கட்டு வரைபடம், துணி. நிலை: துவைக்கப்பட்டது. இருப்பிடம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினேன்: குழந்தையின் மேல்.