எழுபத்தி மூணு

அம்மாவுக்கு வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்குள்ள அமெச்சூர் ரேடியோ சங்கத்தில், இளைஞர்களைச் சேர்த்துவிட்டதற்காக எனக்கு விருதாம். நான் ஒருத்தரையும் சேர்க்கவில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? தலைவரையே கேட்டுவிட்டேன்.

சங்கத்தில் ரேடியோ வழியே ஒருவரோடு ஒருவர் பேசி முடிக்கும்போது எல்லோரும் "எழுபத்தி மூணு" என்பார்கள். வயதைச் சொல்கிறார்களாக்கும் என்று நானும் "நாப்பத்தொண்ணு" என்பேன்.

"அது வயசு இல்லப்பா, நம்ம ரேடியோக்காரங்க வாழ்த்து! நீ சொல்றதைக் கேக்கவே காலேஜ் பசங்க வந்து சேர்றாங்க" என்று தலைவர் சிரித்தார்.

விருதா, கிண்டலா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நீ போனைப் பட்டென்று வைத்துவிடுகிறாய். இனி வைக்கும் முன் ஒரு "எழுபத்தி மூணு" சொல்லேன். ஷிஃப்டுக்கு வண்டி வந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் நாப்பத்தொண்ணு