நடுவூரின் கடைசி வீடு

அக்டோபர் 9
கோழிக்கூண்டை மறுபடியும் வீட்டுப் பக்கமாக இழுத்து வைத்தோம். அது நின்ற இடத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவுதான் மண். கீழே கடல். "களிமண்தானே, மழைக்குக் கொஞ்சம் சரியும்" என்றார் என் வீட்டுக்காரர் வில்ஃப். கொஞ்சமாம். வேலி அந்தரத்தில் தொங்குகிறது. போன வருஷம் அதற்கும் அப்பால் உருளைக்கிழங்கு போட்டிருந்தோம்.

அக்டோபர் 12
தூக்கம் இல்லை.

அக்டோபர் 17
கவுன்சில் ஆள் வந்து அளந்தார். கடலை விட்டுத் தள்ளி, பெவர்லி டவுனில் வாடகை வீடு ஒதுக்கியிருக்கிறார்களாம், குளிர்காலத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். வில்ஃப் வாசலை மறித்து நின்றார். "என் குடும்பப் பேரு மெல்தார்ப். இந்த ஊர்ப் பேரும் மெல்தார்ப். ஊர் போனாத்தான் நான் போவேன்." கட்டியவருக்கு எப்போதும் முயலுக்கு மூன்றே கால். ஊர் போய்க்கொண்டுதானே இருக்கிறது?

அக்டோபர் 20
ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று பாதிரியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. ஆயிரம் வருஷத்துக்கு முன் டேனியர் கடல் தாண்டி வந்து இங்கே குடியேறிய காலத்துச் சொற்களாம்: மெல் என்றால் நடு, தார்ப் என்றால் சிறு குடியிருப்பு. நடுவூர். எதற்கும் எதற்கும் நடு? மேற்கே வெஸ்ட்தார்ப் இருக்கிறது. கிழக்கே கடல்தானே — அப்படியானால் அங்கேயும் ஓர் ஊர் இருந்திருக்கிறது. அங்கேயும் எவளோ ஒருத்தி கோழிக்கூண்டை இழுத்து இழுத்து வைத்திருப்பாள். பயமா இருக்கு. யார்கிட்ட சொல்ல?

நவம்பர் 6
ஹல் நகரத்திலிருந்து நாத்தனார் ஆலிவ் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வில்ஃப் பழைய பாட்டையே பாடினார். அவள் விடவில்லை.
"ஏண்ணா, இந்த ஊர்ல உன்னை யாராச்சும் மெல்தார்ப்னு கூப்பிட்டிருக்காங்களா? இங்க இருக்கற எல்லாருமே மெல்தார்ப்காரங்கதானே. நம்ம பூட்டன் எவனோ வெளியூர் போயிருக்கான். அங்க உள்ளவங்க 'மெல்தார்ப்லேர்ந்து வந்தவன்'னு வெச்ச பேரு அது. ஊரை விட்டுப் போனவன் பேரை வெச்சுக்கிட்டு, நீ போகமாட்டேங்கிறே."
வில்ஃப் தட்டில் புட்டிங் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 14
கூண்டு போயிடுச்சு. விடிஞ்சு பார்த்தா இல்லை. கோழி ஒண்ணுகூட இல்லை. சத்தமே கேக்கலையே, கடவுளே. வில்ஃப் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார் — வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன். திரும்பி வந்தவர் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினார்.

பிப்ரவரி 3, பெவர்லி
எழுந்ததும் பின்கதவைத் திறந்து, மண் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை.
கசாப்புக் கடையில் கூட்டம். "மெல்தார்ப்!" என்று கடைக்காரர் கூப்பிட்டார். வில்ஃப் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார். நான் முழங்கையால் இடித்த பிறகுதான், "நான்தான்" என்று முன்னே போனார்.