‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று எழுதியது மலையைப் பற்றி

அனுப்புநர்
திருமதி வசுமதி அழகேசன், பி.எஸ்ஸி.,
குடியிருப்பு எண் 1907, வெல்லஸ்லி தெரு கிழக்கு,
செயின்ட் ஜேம்ஸ் டவுன், டொராண்டோ.

பெறுநர்
தமிழ் ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் அதிகாரி அவர்கள்,
இந்தியத் துணைத் தூதரகம், டொராண்டோ.

பொருள்: மோர்ன் ஆர்டன் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் பணியாற்றி இறந்த என் கணவர் திரு. கு. அழகேசனின் குறிப்பேடு – தவறான மொழிபெயர்ப்பைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் ‘பொருள்’ என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் நில அதிர்வுக் கருவிகளைப் பராமரிப்பவர். சென்ற ஜனவரியில் இங்குள்ள ஓர் ஆய்வுக் குழு அவரைக் கரிபியன் தீவொன்றுக்கு அனுப்பியது. அப்போது எங்கள் மகளுக்கு நான்கு மாதம். ஜூன் 14 அன்று மலை வெடித்தது. அவர் திரும்பவில்லை.

2. அதற்கு முந்தைய ஆண்டு, மலை வெடிக்கப்போகிறதென்று ஊரையே காலி செய்யவைத்து, ஒன்றும் நடக்காமல் போயிற்றாம். நாலு மாதம் கூடாரத்தில் கிடந்த ஜனங்கள் திரும்பி வந்து ஏசினார்களாம். அதனால், தலைமை விஞ்ஞானியின் அனுமதியின்றி ‘வெடிப்பு’ என்ற சொல்லையே பதிவேட்டில் எழுதக்கூடாதென்று உத்தரவு. என் கணவர் பதிவேட்டில் எண்களை மட்டும் எழுதினார். மனத்தில் பட்டதைத் தமிழில், தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதினார்.

3. விசாரணைக் குழுவுக்காக அதை மொழிபெயர்த்தவர் தமிழைப் புத்தகத்தில் கற்றவர். வீட்டுப் பேச்சைக் கேட்டவரல்லர். ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதை ‘அவள் குளிக்கவில்லை’ என்று எழுதினார். ‘இடுப்பு வலி கண்டுவிட்டது’ என்பது முதுகு நோவாயிற்று. ‘வயிறு இறங்கிவிட்டது’ என்பது வயிற்றுப்போக்காயிற்று. குழுவின் முடிவு: நிலையத்தில் ஒரு பெண் தங்கியிருந்தாள், ஊழியர் நோயுற்றிருந்தார், எச்சரிக்கை எதுவும் எழுதிவைக்காமல், வெடிப்புக்கு மூன்று மணி நேரம் முன்பு பணியிடத்தை விட்டுப் போய்விட்டார்.

4. ஐயா, தங்கள் வீட்டிலும் பிள்ளை பிறந்திருக்கும். தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘அவள்’ என்பது மலை; அதைப் பிள்ளைத்தாய்ச்சியாக எழுதியிருக்கிறார். மலைச்சரிவு உப்பிவருவதைச் சாய்வுக் கருவி காட்டியது. பிறகு உச்சி தாழ்ந்தது. என் பிரசவத்தின்போதும் அவர் வலிக்கும் வலிக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். “இதென்ன, பூகம்பமா?” என்று சத்தம் போட்டேன். குறிப்பேட்டிலும் அதே கணக்குதான். அதிர்வுக்கும் அதிர்வுக்கும் நடுவே ஜூன் 2இல் நாலு மணி நேரம். 12இல் நாற்பது நிமிடம். 13இல் இருபத்திரண்டு. 14 காலையில் ஒன்பது. கடைசி வரி: ‘இனித் தாங்காது. சொல்லிவிட்டு வருகிறேன்.’

இதை ‘விடைபெறுகிறேன்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அவர் விடைபெறவில்லை, ஐயா. சொல்லத்தான் போனார். அடிவாரத்து ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாரென்றும், நாற்பத்தொரு பேர் படகேறினார்களென்றும், மிச்சமிருந்தவர்களை அழைத்துவர மறுபடி மேலே போனாரென்றும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை எனக்கு எழுதியிருக்கிறார்.

5. மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜூன் 9 அன்று எனக்கு அவருடைய கடிதம் வந்தது: ‘இங்கே இடுப்பு வலி கண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.’ பேட்டரி சுமந்து மலையேறுகிறவர், முதுகைப் பிடித்துக்கொண்டது, மேலிடத்துக்குத் தெரியாமல் மறைக்கிறார் என்றே நினைத்தேன். வலித் தைலமும் வெந்நீர்ப் பையும் வாங்கி மறுநாளே பொட்டலமாக அனுப்பினேன். பிள்ளை பெற்றவள், தமிழச்சி, எனக்கே புரியவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. ஆகவே அந்த மொழிபெயர்ப்பாளரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை.

6. நான் கேட்பது, இணைத்துள்ள பக்கங்களைத் தாங்களே படித்து, அவை எச்சரிக்கைதான் என்று சான்றளித்து, நவம்பர் 30க்குள் விசாரணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பதே. அதன்பின் அறிக்கை அச்சேறிவிடும். என் மகள் ஒருநாள் அதைப் படிக்கத்தான் போகிறாள். மேலும், அவரை அனுப்பிய ஆய்வுக் குழு இப்போது வேறொரு மலைக்கு ஆள் அனுப்புகிறது. ‘வெடிப்பு’ என்ற சொல்லை எழுதக்கூடாதென்ற உத்தரவு இன்னும் நீங்கவில்லை. அங்கே போகிறவருக்கும் ஒரு வீடு இருக்கும்.

தங்கள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.

இடம்: டொராண்டோ
நாள்: 2.11.1977

இப்படிக்கு,
வசுமதி அழகேசன்

இணைப்புகள்: குறிப்பேட்டுப் பக்கங்கள் 31–38 (நகல்), குழுவின் மொழிபெயர்ப்பு, ஆசிரியையின் கடிதம், என் கணவரின் கடிதம் (அசல், திருப்பித் தர வேண்டுகிறேன்). ‘பெறுநர் இல்லை’ என்ற முத்திரையுடன் திரும்பி வந்த பொட்டலத்தை இணைக்கவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.