மேலே ஏறிய வீடு

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலுள்ள சரிவு நகர்கிறதா என்று பார்க்க, தொழிற்சாலைக் கூரையில் கெமரா பூட்டியிருக்கிறோம். காற்றில் கெமராவே ஆடும். அதனால் படத்தில் அசையாத ஒன்றைக் குறித்துக்கொடுத்தால், மற்றவை அதைவிட்டு எவ்வளவு விலகுகின்றன என்று கணினி கணக்கிடும். நான் குறித்தது சரிவிலிருக்கும் பெரிய சவுக்கு மரத்தை. மூன்று நாளாக லயத்து வீடுகள் மெல்ல மேலே ஏறுவதாகவே அது காட்டியது. கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பாக்கியம் அக்கா, தன் வீடு தெரிகிறதா என்று திரையை எட்டிப் பார்த்தார்.

“ஒங்க வீடு மேல ஏறுதாம் அக்கா” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “வீடு எங்கயாச்சும் ஏறுமா மிஸ்? மரம் எறங்குதுங்க.”

போய்ப் பார்த்தோம். மரத்துக்கு மேலே மண் வெடித்திருந்தது. வெடிப்பில் கையை விட்டேன், முழங்கை வரை உள்ளே போனது. இருட்டுவதற்குள் லயத்தில் இருந்த எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்துவிட்டோம். அக்கா கோழிகளையும் விடவில்லை.

மூன்று இரவும் அந்தச் சரிவுக்கு அடியில் தூங்கியவர், இப்போது என் பக்கத்துப் பாயில் குறட்டை விடுகிறார். நன்றாக விடட்டும். எனக்கு இன்றைக்குத் தூக்கமே வேண்டாம்.