பெரியதும் சிறியதுமாக ஒரு ஜோடி

பழவேற்காடு
ஜனவரி 19

மீஞ்சூரில் இருக்கும் சம்பந்தி ராபர்ட் அவர்களுக்கு, தங்கள் மருமகள் ஜெஸ்ஸியின் தாய் சூசையம்மாள் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. பொய் எழுதிப் பழக்கமில்லாததால் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். என் கைபேசி எண்ணைத் தாங்கள் தடுத்து வைத்திருப்பதால் இது பதிவுத் தபாலில் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். வரவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

முதலில் மீன் விஷயம். தங்களுக்கு அதுதான் முதல். கல்யாணமாகி ஆறே மாதத்தில், நவம்பர் கடைசியில், ஜெஸ்ஸியின் கையில் ஒரு பையைக் கொடுத்து, "அனிமோன்ல போய் உக்கார்ற மாதிரி ஒரு ஜோடி கோமாளி மீனு உங்க ஊர்லருந்து புடிச்சிகினு வா, அப்பால வூட்டுக்குள்ள வா" என்று அனுப்பிவைத்தீர்கள். தங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் செத்ததற்கும் அனிமோன் அழுகியதற்கும் அவள் கால் வைத்த நேரம்தான் காரணம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அனிமோன் என்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரல்களை ஆட்டும் உயிர், தொட்ட மீனையெல்லாம் கொட்டும், கோமாளி மீனை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளும் என்றேன். "கொழம்புக்கு ஆவாத மீனுக்கா என் பொண்ண தொரத்திட்டான்" என்று கேட்டுவிட்டு ஏரியில் இறால் தடவிப் பிடிக்கப் போனார்.

கோமாளி மீன் இந்த ஏரியில் கிடையாது. பவளப்பாறை உள்ள கடலில் வாழ்வது அது. எங்களுக்குக் கிடைப்பது மடவையும் இறாலும் நண்டும். மீன்காரன் ஊரில் எல்லா மீனும் இருக்கும் என்று தாங்கள் நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருப்பவருக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நாங்களும்தான் நினைத்தோம்.

ஆகவே நானும் ஜெஸ்ஸியும் சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குப் போனோம். போகும் முன் கிளை நூலகத்தில் இதைப் பற்றி இருந்த இரண்டு புத்தகங்களையும் படித்தேன். தாங்கள் ஒன்றையும் படிக்கவில்லை என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

தாங்கள் முதலில் வாங்கியது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, கருஞ்சிவப்பில் ஒன்று. சோபா உறைக்குப் பொருத்தமான நிறங்கள் என்று ஜெஸ்ஸி சொன்னாள். இரண்டும் வேறு வேறு இனம். கருஞ்சிவப்பு இனம், தான் இருக்கும் தொட்டியில் இன்னொன்று மூச்சு விடுவதைப் பொறுக்காது. இரண்டாம் நாள் ஆரஞ்சு செத்தது. அடுத்து கருஞ்சிவப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆரஞ்சிலேயே கடையில் இருந்த ஆகப் பெரிய இரண்டை எடுத்துவந்தீர்கள். அவை இரண்டும் பெண். இந்த மீனில் பிறக்கும்போது எல்லாமே ஆண்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; நன்றாகத் தேறியது மட்டும் பெண்ணாக மாறிக் குடும்பம் நடத்துகிறது, மற்றது அதன் பின்னால் போகிறது. ஒரே தொட்டியில் இரண்டு அதிகாரம் நடக்காது; ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றது. பெரியதாக ஒன்று, அதில் பாதிக்குச் சற்று மேலாக ஒன்று என்று இளசாக எடுத்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கை வகுத்தவள் நானில்லை. ஆண்டவர் வகுத்தது, புகாரை அங்கே கொடுக்கலாம்.

எல்லாக் கோமாளி மீனும் எல்லா அனிமோனிலும் உட்காராது. அழுகியதற்குப் பதிலாகத் தாங்கள் புதிதாக வாங்கி வைத்திருக்கும் அனிமோன் விரல் நுனியில் குமிழ் விட்ட வகை என்று மாப்பிள்ளை படம் அனுப்பியிருந்தார். பண்ணையில் பிறந்த மீன்களில் பல அனிமோனைக் கண்ணால் கண்டதில்லை. பயந்து மூலையில் நிற்கும். அதனால் ஜெஸ்ஸி ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் நின்று பார்த்தாள். "எல்லாம் ஒரே மீனுதான்கா, நெறத்த பாத்து எடுத்துகினு போவியா" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். "நெறத்த பாத்து எடுத்த வூட்லருந்துதான்ணா வரேன்" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தொட்டியைக் காட்டினாள். அதே குமிழ் வகை அனிமோனுக்குள் பெரியது படுத்திருந்தது. சிறியது அதன் முன்னால் உடம்பைச் சாய்த்து, அடங்கிப் போகிறேன் என்பதுபோல நடுங்கிக் காட்டியது. பெரியது கடிக்கவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தது. அந்த ஜோடியை எடுத்தோம். பதினாறு நாளாக என் வீட்டில், கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்பு கலந்த தண்ணீரில் நன்றாக இருக்கிறது.

பாக்கெட் உப்பு என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். நவம்பரில் தங்கள் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற, காசு கொடுத்து உப்பு வாங்குவானேன் என்று, எங்கள் ஏரியிலிருந்து ஐந்து கேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள். ஜெஸ்ஸி அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு, "மாமா, தண்ணி சப்புனு கீது, ஆத்துத் தண்ணி எறங்கிக்கீது, ஊத்தாதீங்க" என்றிருக்கிறாள். "பன்னண்டு வருசமா உப்ப பிரிக்கிற எடத்துல இருக்கிறவன்மா நானு. எனக்கே உப்பு சொல்லித்தரியா" என்றிருக்கிறீர்கள். தாங்கள் அங்கே லாரிகளுக்கு நுழைவுச் சீட்டு எழுதுபவர் என்று அவள் திருப்பிச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

இங்கே இறால் பண்ணையில் வேலை செய்யும் தசரதன் தினமும் ஏரியின் உப்பளவைக் கருவியில் பார்த்து நோட்டில் குறிப்பவர். அந்த வாரம் ஆயிரத்துக்கு ஆறு. கடலில் இருப்பது முப்பத்தைந்து. தாங்கள் அதை ஊற்றிய நாலே நாளில் அனிமோன் அழுகியது, மிச்சமிருந்த மீனும் போனது. நோட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மருமகள் கால் வைத்த நேரத்துக்கு அதில் தனிக் கட்டம் இல்லை.

தலைக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை ஜேம்ஸ் வரவில்லை. அவருக்கு எடுத்த சட்டை பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. கோயில் வாசலில் கேட்டவர்களுக்கெல்லாம் ஜெஸ்ஸி வேலை என்று சொன்னாள். பக்கத்து வீட்டு நாகம்மாள், "கிறிஸ்மஸ் அன்னிக்கி எந்த ஆபீசுமா தொறந்துகீது" என்று விடாமல் கேட்டாள். ஜேம்ஸ் தினமும் காலையில் வேலைக்குப் போகும் ரயிலிலிருந்து பேசுகிறார். தங்கள் காதுக்கு எட்டாத தூரத்தில் அவருக்குப் பேச்சு நன்றாகவே வருகிறது. அப்பா கோபம் தணியட்டும் என்பதுதான் பேச்சு. போன வாரம் ஜெஸ்ஸி, "உங்கப்பா கோவத்துக்கு மீனு வாங்கிட்டேன். உங்களுக்கு இன்னா வாங்கணும், சொல்லுங்க" என்று கேட்டாள். அதற்கு அவர், இறங்க வேண்டிய தண்டையார்பேட்டை வந்துவிட்டது என்றார்.

தங்கள் நிபந்தனை நிறைவேறியது. இனி எங்கள் பக்கம். உயிர்மீனைத் தபாலில் அனுப்ப முடியாது. நான் கொண்டுவர மாட்டேன். ஜெஸ்ஸியும் வாளியைத் தூக்கிக்கொண்டு தங்கள் வாசலில் நிற்க மாட்டாள். "இந்த தபா கோமாளி மீனு, அடுத்த தபா இன்னாம்மா, திமிங்கலமா" என்று என்னைக் கேட்கிறாள். ஆகவே ஜேம்ஸ் வந்து எடுத்துப் போகட்டும். பொன்னேரியில் ஜெஸ்ஸி ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருக்கிறாள். அங்கே வந்து தன்னோடு குடியிருப்பாரா என்று அவரிடம் கேட்பாள். வருகிறேன் என்றால் அன்றே போவாள். மாட்டேன் என்றாலும், பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தாலும், அவளுடைய துணிமணிகளையும் பீரோவையும் எடுக்க நான் ஆள் கூட்டிக்கொண்டு மீஞ்சூர் வருவேன். பிப்ரவரி முதல் ஞாயிறு வரை காத்திருப்பாள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

அவர் வந்தால் மீன்கள் எப்படியும் தங்கள் தொட்டிக்கு வந்து சேரும். அதற்கு நான் பொறுப்பு. பிள்ளை வந்து சேர்வாரா என்பதற்குப் பொறுப்பேற்க முடியாது. எது வேண்டும் என்று தாங்கள் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பொன்னேரியிலிருந்து காலைப் பேருந்து இங்கே ஒன்பதே காலுக்கு வருகிறது. அந்த நேரம் பார்த்து ஜெஸ்ஸி, பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குகிறாள்.

ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதைத் தனியாகக் கழிக்கும் பொறுமையையும் தரட்டும். ஜேம்ஸுக்கு, யாரையும் கேட்காமல் பொன்னேரியில் பழவேற்காட்டுப் பேருந்து ஏறும் தைரியத்தைத் தரட்டும். ஜெபமாலை சொல்லும்போது நான் கேட்பது இரண்டாவதை மட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை தங்கள் சம்பந்தி,
சூசையம்மாள்