சுபாவின் ஈமெயில்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
12 செப்டம்பர் 1999

அன்புள்ள மருமகன் கிருபாகரனுக்கு,

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. நீங்களும் குழந்தை தாரணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் தினமும் கேட்கிறேன். என் மகளின் ஈமக்கிரியை முடிந்து ஆக்லாந்திலிருந்து திரும்பிய பிறகு நாங்கள் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. இதையும் மாமாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கலியாணமாகி அங்கே வந்ததிலிருந்து சுபா அனுப்பிய ஈமெயில்களை எல்லாம் மாமா கம்ப்யூட்டரில் அவள் பெயரிலேயே ஒரு போல்டரில் சேர்த்து வைத்திருந்தார். அவள் போன பிறகு, காலையில் பேப்பரைத் தொடுமுன் அதைத்தான் திறப்பார்.

போன மாதம் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வந்தது. சுபாங் கோவில் கமிட்டி அனுப்பிய பழைய அறிவிப்புகளை அழிக்க உட்கார்ந்தார். பட்டியலில் ‘சுபாங்’குக்கு மேல் வரியில் ‘சுபா’. கண்புரை வந்த கண், தம்பி. அழித்து, குப்பையையும் காலி செய்த பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் இம்பியில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரச் சீனர் நல்ல மனிதர். அழிந்த இடத்தில் புதியவை பதிந்துவிட்டன, எல்லாம் திரும்பாது அங்கிள் என்றார். கிடைத்ததும் துண்டு துண்டுதான். ஒன்றில் ‘அப்பா, சாப்டாச்சா’ என்று இருக்கிறது. கீழே முழுக்கப் புரியாத குறிகள். மாமா அந்தக் குறிகளையும் பிரிண்ட் எடுத்து வந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். இதுவும் பிள்ளை எழுதினதுதானே என்கிறார். சோறு இறங்கவில்லை. சட்டை தோளில் நிற்கவில்லை.

சுபா அனுப்பியவை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கலாம் என்று அந்தச் சீனர் சொன்னார். கிருபாவிடம் கேட்போமா என்றேன். எந்த முகத்தோடு என்று மாமா திரும்பிப் படுத்துக்கொண்டார். காரை ஓட்டியது நீங்கள் என்று ஈமக்கிரியை அன்று அத்தனை பேர் முன்னால் அவர் சொன்ன சொல்லை அவராலேயே விழுங்க முடியவில்லை. மழையில் வழுக்கிய ரோட்டுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

இருந்தால் அனுப்புங்கள், தம்பி. எங்களைக் குறை சொல்லி எழுதியதையும் எடுத்துவிட வேண்டாம். உங்களோடு சந்தோஷமாக இருப்பதாக அவள் எழுதியவற்றை முதலில் அனுப்புங்கள். மாமா அவற்றை மறுபடி வாசிக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தாரணிக்கு என் முத்தம். கடவுள் உங்கள் இருவரையுமாவது எங்களுக்கு விட்டுவைக்கட்டும்.

உங்கள் மாமி,
மீனலோசனி