விரல்மேல் வைத்த புரத ஏடு

போன வாரம் நர்ஸம்மா என் கால் பெருவிரல் புண்மேல் ஓர் ஏட்டை வைத்தார். காய்ந்த கஞ்சிபோல மெல்லியது. ஈரம் பட்டதும் குழைந்து ஒட்டிக்கொண்டது. உறையில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். எனக்கு நினைவு வந்ததோ நீ.

கும்மிடிப்பூண்டியில், இரும்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த நம் சின்ன ஆய்வுக்கூடத்தில் நாம் செய்ததும் இதைத்தானே? மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, பட்டு நூலில் இருப்பது போன்ற புரதத்தை எடுப்போம். மருந்து கலந்து தட்டில் ஊற்றிக் காயவைப்போம். புண்மேல் மருந்து மெல்லக் கசியும். புதுச் சதை அந்த ஏட்டைப் பந்தலாகப் பற்றி வளரும். பிறகு ஏடு கரைந்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று ஓரத்தைத் தூக்கிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஏடு கிழியும். நீ கத்துவாய்:

"இன்னா வாத்தியாரே, தோசையா சுடுறோம்? சும்மா சும்மா கெளப்பிக்கினு கீற!"

தட்டுகளை மேலடுக்குக்கு மாற்றினாய். நான் முக்காலி தேடினேன். "அதையும் பூட்டி வெக்கணுமா?" என்று சிரித்தாய். இன்னொன்றும் சொல்வாய்: "நம்ம சரக்கு காணாப் போச்சுன்னா ஜெயிச்சுதுன்னு அர்த்தம்."

போன வாரம் ஏட்டின்மேல் கட்டுப் போட்டதும், ஒரு வாரம் அதைப் பிரிக்கக்கூடாது, அப்போதும் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மீஞ்சூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சீழ் கட்டியிருந்தால்? சர்க்கரை உடம்பில் இது பிடிக்குமா? கை கட்டின் முனையை நெருடிக்கொண்டே இருந்தது. முன்பென்றால் உனக்குப் போன் செய்திருப்பேன். பெருநாள் முடிந்த வாரம் பழவேற்காட்டில் உன்னை அடக்கம் செய்ததிலிருந்து என் சந்தேகங்களைக் கேட்க ஆளில்லை. தோசையை நினைத்துக்கொண்டேன். கையை எடுத்துவிட்டேன்.

இன்று கட்டைப் பிரித்தார்கள். ஏட்டைக் காணோம். இத்தனை வருடம் அதே வேலை பார்த்தவன், பதறிப்போய்க் கேட்டேன்: "கீழ விழுந்துடுச்சாம்மா?"

"எங்க சார் விழும்? உள்ள போய்க்கீது. சதை வந்துக்கினு கீது, பாருங்க!"

டாக்டர் குனிந்து பார்த்தார். விரலை எடுக்க வேண்டியதில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நடுவில் ஒருமுறை, நிஜமாகவே ஆறுகிறதா என்ற சந்தேகத்தில் கை தானாகக் காலுக்குப் போனது. தூக்கிப் பார்க்க ஓரமே இல்லையப்பா.